அந்தக் காலி இடம் காலியாகவே இருக்கட்டும் சாமி!

எங்கள் கார் பார்க்கிங் மெஷினில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று இடம். மும்மூன்று ஒன்பது. ஆனால் ஏழு கார்தான் நிற்கும். எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை அபார்ட்மெண்டில் இதை ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது, அதனால் எழுதியே தொலைக்கிறேன்.

உச்சி அடுக்கில் இருக்கும் இரும்புத் தட்டு ஏறும், இறங்கும், அவ்வளவுதான். தரையில் இருக்கும் தட்டு இடது வலது பக்கம் மட்டும் நகரும். நடு அடுக்குத் தட்டு இரண்டையும் செய்யும். இப்போது என் கார் உச்சியில் நிற்கிறது, அது இறங்க வேண்டுமென்றால் நேர் கீழே இருக்கிற நடுத் தட்டும் தரைத் தட்டும் பக்கத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்க இடம் வேண்டாமா? அதற்காகத்தான் தரையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இரண்டு இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் சட்டத்துக்குள் எண் கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தி விளையாடியிருப்பீர்களே, ஒரு கட்டம் காலியாக இல்லையென்றால் ஒரு எண்ணும் அசையாது. இதுவும் அதேதான்.

ஆனால் நம் ஆட்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒருநாள் புல்லட் நிற்கிறது. ஒருநாள் தண்ணி கேன் அடுக்கியிருக்கிறது. அங்கே ஏதாவது இருந்தால் சென்சார் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்திவிடும், நிறுத்தத்தான் செய்யும், அதன் வேலையே அதுதானே. உடனே "மெஷின் ரிப்பேர்" என்று குரூப்பில் மெசேஜ் வரும். மெஷின் ரிப்பேர் இல்லை, கேனை எடுங்கள்.

தீபாவளி சீசன் வந்துவிட்டால் இன்னும் மோசம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்க ஊரே வரும், அந்த ரோட்டில் வண்டி விட இடம் கிடையாது, ஆகவே நம் பில்டிங்கில் யாருக்காவது சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நேராக உள்ளே வந்து அந்தக் காலி இடத்தில் காரை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். மேலே இருக்கிற கார்கள் எல்லாம் சிறை. போன் போட்டால் எடுக்கமாட்டார், கடைக்குள் சத்தமாம். வந்ததும், "சும்மாதானே கீது சார், அஞ்சு நிமிசம் வுட்டா இன்னா கொறஞ்சிடும்?" அஞ்சு நிமிஷமா அது? ஒரு கல்யாணத்துக்கே பட்டு எடுத்து முடித்திருப்பார்.

நான் மெஷினைக் குறை சொல்லவில்லை. நம் பக்கம் மனைகள் எல்லாம் ஒல்லி. ஒரு காருக்கு 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்று கணக்குப் பார்த்து, திருப்புவதற்கும் இடம் விட்டால் ஒரு கிரவுண்டில் ஏழு காரை எங்கே நிறுத்துவது? பில்டர் மேல்தான் கோபம். விற்கும்போது "கவர்டு கார் பார்க்கிங் உண்டு சார்" என்றார், மெஷின் என்று சொல்லவில்லை, உயரம் பற்றி வாயே திறக்கவில்லை. பல மெஷின்களில் செடான் மாதிரி தாழ்வான காருக்கான தட்டில் 1,550 மில்லிமீட்டர் உயரம் வரைதான் கார் நிற்கும். வேகன்ஆர் 1,675. எடை குறைவான சின்ன வண்டிதான், ஆனாலும் தலை இடிக்கும்! இதில் இரண்டாவது மாடிக்காரர் ஃபார்ச்சூனர் வாங்கப்போகிறாராம், அது 1,835. வாங்கட்டும், தெருவில் நிறுத்தட்டும், மாடு கட்டுகிற இடத்தில்.

ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணி மோட்டாருக்கும் மட்டும்தான் கனெக்‌ஷன். கரண்ட் போனால் கார் ஆகாயத்தில். பள்ளம் தோண்டிக் கீழேயும் ஓர் அடுக்கு வைக்கவில்லை என்பது மட்டும் நம் அதிர்ஷ்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பக்கத்துத் தெருவில் அப்படிப் பள்ளத்தில் நின்ற கார்கள் கூரை வரைக்கும் முழுகின.

இப்போது அசோசியேஷன் ஆரம்பித்திருக்கிறது: ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், எதற்கு, மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது? ஐயா, காசிமேடு பக்கத்தில்தான் இருக்கிறது. கடல் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிப்பொரியாகத் துரு பிடிக்கிறது, செயின் என்ன விதிவிலக்கா? அதற்குக் கிரீஸ் போடணும், தட்டை மேலே தாங்கிப் பிடிக்கிற கொக்கி சரியாக விழுகிறதா என்று தெரிந்தவன் வந்து பார்க்கணும். வாட்ச்மேன் எண்ணெய்க் கேனோடு ஏறிப் பார்க்கிற வேலை இல்லை இது, அவரை ஏற்றவும் கூடாது. பெயிண்ட் அடிக்கவும் கொடி ஏற்றவும் பணம் இருக்கிறது, இதற்கு மட்டும் அடுத்த மீட்டிங், அடுத்த மீட்டிங்.

சரி, ஒன்று மட்டும் சொல்கிறேன். உச்சியில் நிற்பது என் கார். கொக்கி விட்டால் அது வந்து விழப்போவது நம் தலைவர் கார் மேலேதான். அதை நினைத்தாவது செக்கில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.