சிடி நார்மல் என்றால் பக்கவாதம் இல்லை என்று அர்த்தமில்லை
"திடீர் தலைசுற்றல், சிடி ஸ்கேன் நார்மல், அதனால் காதுப் பிரச்சினைதான்" என்று முடிவு செய்வது தவறு, ஆபத்தானதும்கூட. சிடி ரத்தக்கசிவை உடனே காட்டும். ஆனால் ரத்தக்குழாய் அடைப்பால் சிறுமூளையில் வரும் பக்கவாதம் முதல் சில மணி நேரம் அதில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐகூட முதல் 48 மணி நேரத்தில் சிலருக்குத் தவறவிடும்.

சுற்றல் விடாமல் இருந்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். ஓர் இலக்கையே பார்க்கச் சொல்லி மருத்துவர் தலையைச் சட்டென்று திருப்பும்போது பார்வை நழுவி, மறுபடி தாவி இலக்கைப் பிடித்தால் பெரும்பாலும் காது நரம்புப் பிரச்சினை. நழுவாமல் நின்றால்தான் மூளையைச் சந்தேகிக்க வேண்டும்; பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அப்புறம், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியவில்லை என்றால், கை கால் பலம் சரியாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் அவகாசம்.