கணக்கில் வராத ஆட்கள்

ஜெர்மனியின் தொலைக்காட்சி நிறுவனமான புரோசீபன்சாட்1 2025-இல் சுமார் 430 முழுநேரப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்ததைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அது பெரும்பாலும் விருப்ப விலகல் (பணம் பெற்றுக்கொண்டு ஊழியர்கள் தாமாகவே விலகுவது) மூலம்தான் என்பதை ஆறுதலாகச் சொல்கிறது. எனக்கு அதில்தான் கவலை. வெளியே உடனே வேலை கிடைக்கக்கூடிய அனுபவசாலிகள்தான் பணத்தை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்புவார்கள். மிச்சமிருப்பவர்கள் தலையில் இரண்டு பேர் வேலை விழும்.

விளம்பர வருமானம் இணையத்துக்குப் போய்விட்டது, சரி, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி என்று தனித்தனி நிகழ்ச்சிகளுக்கு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் இந்த மாதிரி எண்ணிக்கைகளில் வருவதே இல்லை. ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால் அவர்களுக்குப் பெரும்பாலும் இழப்பீடும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. ஆட்குறைப்பு செய்யும் எந்த ஒளிபரப்பு நிறுவனமும் அந்தக் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும்.