பழைய வயரிங் மட்டுமா காரணம்?
மின்சாரக் காருக்கு மின்னேற்றும்போது வீட்டு மின்சுற்றில் எழும் மின் இரைச்சலுக்கு, அதாவது வானொலி போன்றவற்றைக் குழப்பும் தேவையற்ற மின்னலைகளுக்கு, பழைய வயரிங்கே காரணம் என இதுபற்றிய கட்டுரையொன்றின் ஆசிரியர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 230 வோல்ட் ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றும் காரின் உள் மின்னேற்றி, செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை மின்னோட்டத்தை இணைத்தும் துண்டித்தும் இயங்குவதால், அதில் பிறக்கும் உயர் மீடிறன் அலைகளில் ஒரு பகுதி, அவற்றைத் தடுக்க மின்னேற்றியில் உள்ள வடிகட்டியையும் தாண்டி வயர் வழியே வீட்டுக்குள் திரும்புகிறது. நீண்ட வயர், புதியதாயினும், அதற்கு அன்டெனாவாகிவிடுகிறது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு கார் மின்னேறத் தொடங்கியதும் மேல்மாடியில் மத்திய அலை வானொலி கரகரக்கிறது, கேபிளைக் கழற்றிய கணமே அது ஓய்ந்துவிடுகிறது. பற்றரியில் இயங்கும் சிறு வானொலியைச் சுவரோரமாக நகர்த்திப் பார்த்தால், எந்த வயர் இரைச்சலைச் சுமக்கிறது என்பது எவருக்கும் புலப்படும். மின்னேற்றத்துக்குத் தனிச் சுற்று, கேபிளில் ஃபெரைட் வளையம் (உயர் மீடிறன் அலைகளை மட்டுப்படுத்தும் காந்தப்பொருள் வளையம்), தேவையானால் தரமான வடிகட்டி ஆகியவை பெரும்பாலும் பயன் தரும்.

ஆனால் இரைச்சலைக் குறைக்கப் புவித்தொடுப்பைக் கழற்றிவிடலாம் எனச் சிலர் சொல்வதை எவரும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்: வடிகட்டியின் கசிவு மின்னோட்டம் செல்ல வழியின்றி, காரின் உலோக உடலே மின்னழுத்தம் பெறக்கூடும்.