துண்டு பழசாம்

அம்மாவுக்கு பிறசர் குளிசை, லோசாட்டன் 50 மில்லிகிராம். கிளினிக்கில முடிஞ்சுதெண்டு வெளியில வாங்க மருந்துத் துண்டு எழுதித் தந்தவை. ஒட்டுசுட்டானிலயிருந்து பஸ் ஏறி முல்லைத்தீவு போய் பாமசியில நீட்டினா, திருப்பித் திருப்பிப் பாக்கினம். பின்பக்கத்தில போன மாதம் அவையே குத்தின ஊதா முத்திரை.

"இதுக்குக் குடுத்தாச்சு அக்கா, புதுத் துண்டு கொண்டு வாங்கோ."

மருந்து விக்கிறதைக் கட்டுப்படுத்துற 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டம் எனக்கும் தெரியும். நித்திரைக் குளிசையெண்டா பதியட்டும், துண்டைப் பிடிச்சு வைக்கட்டும். இது பத்து வருசமாப் போடுற பிறசர் குளிசையப்பா! டொக்டரும் "மூண்டு மாதத்துக்கு" எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதேல்லை.

பக்கத்தில நிண்ட தம்பி வாயால சொல்லி அமொக்சிசிலின் எண்ட அன்ரிபயோட்டிக் ஆறு வாங்கிக்கொண்டு போறான். அதுக்குத் துண்டுமில்லை, முத்திரையுமில்லை.

கிளினிக் வாற மாதம் 14ஆம் திகதி. அம்மாவிட்ட நாலு குளிசை கிடக்கு.