காந்தம் எதற்கு? பழைய இரும்பு எடுப்பவர்கள் பற்றிய வதந்தி

“பழைய இரும்பு எடுக்க வருபவர் காந்தத்தை கேட்டில் ஒட்டிப் பார்த்தால், இரவில் திருட அடையாளம் வைக்கிறார்” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. சுத்தப் பொய். காந்தம் அவருடைய தொழில் கருவி: ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு, ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, அலுமினியம் ஏதாவது ஒன்று, அதற்கு இரும்பைவிட விலை அதிகம், அதனால் பிரிக்காமல் மூட்டை கட்டினால் நஷ்டம் அவருக்குத்தான். எவர்சில்வர் மட்டும் குழப்பும். அதில் 304 என்ற ரகம் பொதுவாக ஒட்டாது, 430 என்ற ரகம் ஒட்டும். பித்தளை மாதிரி மினுக்கும் குழாயை அரத்தால் லேசாகச் சுரண்டுவார், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வெறும் முலாம்தான். அப்புறம், இன்னொன்று: அடையாளம் வைக்கிற காந்தம் என்றால் அதை ஒட்டிவிட்டுத்தானே போக வேண்டும், கையோடு எடுத்துப் போகிறாரே! தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பழையதை உருக்க ஏறத்தாழ 5 சதவீத ஆற்றலே போதும். அந்தப் பழையதைத் தேடி வருபவரைத்தான் திருடன் என்கிறார்கள்.