பாட்டு கேட்கக் கண் எதற்கு?

போன வாரம் கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது அம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்து, கையிலிருந்த சின்ன எம்பி3 பெட்டியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன். "ஏய்யா, சத்தத்தைக் கூட்டுனா பாட்டு ஓடிப் போயிருது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்தப் பெட்டியில் ஒரே விசைக்கு இரண்டு வேலை. தட்டிவிட்டு எடுத்தால் அடுத்த பாட்டு, அமுக்கிப் பிடித்தால் சத்தம். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது எனக்கே இரண்டு மூன்று தடவை தப்பியது. அம்மாவுக்கு 76 வயது. கிளாக்கோமா என்ற கண் நோயில் இரண்டு கண்ணிலும் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. விரலில் லேசான நடுக்கமும் உண்டு. விரல் நடுங்கும் ஒவ்வொரு முறையும் பாட்டு மாறிவிடுகிறது. பிடித்த பாட்டு பல்லவியிலேயே ஓடிப்போனால் அதைத் திரும்பக் கொண்டுவர அவளுக்கு வழி தெரியாது. சுற்றி வரும்வரை காத்திருப்பாள். கார்டில் 300 பாட்டு இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். பாட்டு காதால் கேட்கிற விஷயம், அதற்குக் கண் எதற்கு? கையில் கொண்டுபோகும் பாட்டுப் பெட்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எத்தனை பாட்டு அடங்கும், எவ்வளவு மெலிந்துவிட்டது என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். நான் வேறு கணக்குப் பார்க்கிறேன். அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இயக்க முடியுமா? இந்தக் கணக்கில் நாம் 40 வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிடப் பின்தங்கி இருக்கிறோம்.

அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைத்தவள். தீபாவளி நெருங்கினால் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிவரை மெஷின் ஓடும். 1990-ல் நான் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தினசரி பஸ் பயணத்துக்காக ஒரு வாக்மேன், அதாவது ஹெட்போன் மாட்டிக் கேட்கும் சின்ன கேசட் பெட்டி வாங்கினேன். சோனி இல்லை, ஏதோ ஒரு கம்பெனி. அப்போது யார் செய்த பெட்டியாக இருந்தாலும் அதற்குப் பெயர் வாக்மேன்தான். பகலில் அது எனக்கு, ராத்திரியில் அம்மாவுக்கு. மெஷின் சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது, ரேடியோ போட்டால் முழித்துக்கொள்வோம் என்று அவள் ராத்திரியில் ரேடியோ வைக்கவே மாட்டாள்.

வாக்மேனை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வளைக்கும்போது கண் ஊசியை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் ஊசி விரலில் ஏறிவிடும். கண் அங்கே இருக்க, இடது கை மட்டும் இடுப்புக்குப் போகும். விசைகள் வரிசையாக இருந்தன. ஓட்டும் விசையை அமுக்கினால் 'டக்' என்று உள்ளே போய் அங்கேயே நிற்கும். தடவினாலே பெட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் அது தானாக வெளியே துள்ளும், அந்தத் துள்ளல் இடுப்பில் உறைக்கும். கேசட்டை எடுத்துத் திருப்பிப் போடுவதும் கைப்பழக்கம். பேட்டரி இறங்கினால் பாட்டு இழுக்க ஆரம்பித்து, பெண் குரல் ஆண் குரலாகும். அதைச் சொல்ல ஒரு விளக்கு தேவைப்படவில்லை, காதே சொல்லிவிடும்.

கேசட்டும் அவள் கேட்டபடி பதிந்ததுதான். அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் பாட்டு வரிசையை எழுதிக் கொடுப்பாள். நான் அதை ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வாங்கி வருவேன். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சில சமயம் ஏழாவது பாதியில் அறுந்து நிற்கும். எதற்கு அடுத்து எது என்பது மனப்பாடம். எவ்வளவு நேரம் முன்னால் ஓட்டினால் எந்தப் பாட்டின் தலையில் போய் நிற்கும் என்பதும் விரலுக்குத் தெரியும்.

இது எங்கள் வீட்டுச் சாமர்த்தியம் மட்டும் இல்லை, அந்தப் பெட்டி பிறந்ததே அப்படித்தான். சோனியின் முதல் வாக்மேன் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, விலை 33,000 யென். விமானப் பயணத்தில் பாட்டு கேட்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மசாரு இபுகா. பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுக்க வைத்திருந்த பிரஸ்மேன் என்ற சின்ன ரெக்கார்டரை எடுத்து, பதிவு செய்யும் வசதியையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் ஓடும்படி மாற்றினார்கள். பதிவு செய்யாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே கேட்டார்கள். இபுகாவோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கிய அகியோ மொரிட்டா விடவில்லை. கூடவே சுமார் 50 கிராமில் லேசான ஹெட்போனும் தயாரானது. அதுவரை இருந்த ஹெட்போன்கள் பல மடங்கு கனம்.

பத்திரிகைக்காரர்களுக்கு அதை அறிமுகம் செய்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேடை போட்டுப் பேசவில்லை. பஸ்ஸில் ஏற்றி டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு வாக்மேன் கொடுத்தார்கள். விளக்கம் எல்லாம் கேசட்டில் காதுக்குள் ஓடியது. கண் முன்னால் இளைஞர்கள் வாக்மேனை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். காதுக்கு ஒரு வேலை, கண்ணுக்கு வேறு வேலை. அந்த நாளிலேயே சரக்கின் சாரத்தைச் சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் விற்பனை மந்தம். ஆகஸ்ட் முடிவதற்குள் முதலில் செய்த 30,000 பெட்டியும் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவற்றில் 1984-ன் டிஸ்க்மேன் என்ற சிடி பெட்டி நம்மூர் சாலைக்குச் சரிப்படவில்லை, பஸ் குதித்தால் பாட்டும் குதிக்கும். 1992-ல் வந்த, சின்னத் தட்டில் பாட்டு பதியும் மினிடிஸ்க்கை எங்கள் பக்கம் யார் கையிலும் நான் பார்த்ததில்லை. 1998-ல் வந்த ரியோ என்ற எம்பி3 பெட்டியில் 32 எம்பி நினைவகம். ஓரளவு நல்ல தரத்தில் ஏற்றினால் அரை மணி நேரப் பாட்டு, அதாவது எங்கள் 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கம்.

ஐபாடில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2001 அக்டோபரில் ஆப்பிள் அதை வெளியிட்டபோது 399 டாலர், 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. எல்லோருக்கும் அந்த ஆயிரம்தான் ஞாபகம். ஆனால் பாட்டு ஆயிரமானால் விரல் திணறத்தானே செய்யும்? அதற்கு அவர்கள் வைத்த பதில் அந்தச் சக்கரம். முதல் ஐபாடில் அது நிஜமாகவே சுழலும். கட்டைவிரலைச் சுற்றச் சுற்றப் பட்டியல் ஓடும், உள்ளே இருந்த குட்டி ஸ்பீக்கர் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுக்கும். பட்டியலைப் படிக்கத் திரை வேண்டும்தான். நடுவில் நிறுத்த, சத்தம் கூட்ட, அடுத்ததற்குப் போகப் பையை விட்டு வெளியே எடுக்க வேண்டியதில்லை. 2005-ல் வந்த ஐபாட் ஷஃபிளில் திரையே கிடையாது. 2009-ல் அதே ஷஃபிள் பாட்டின் பெயரைக் காதுக்குள் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதை முழுவதிலும் உச்சம் அதுதான். கட்டைவிரல் அளவுப் பெட்டி, பார்க்க ஒன்றுமில்லை, தொட்டால் பாட்டு, கேட்டால் பெயர். 2017-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2022 மே மாதத்தோடு ஐபாட் வரிசையே முடிந்தது.

எல்லாம் போனுக்குள் போய்விட்டது. வழவழவென்று ஒரு கண்ணாடி. விரலுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பாட்டை நிறுத்தப் போனை எடுக்க வேண்டும், விழிக்கவைக்க வேண்டும், பார்க்க வேண்டும். பார்த்த கண் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் பாட்டுக்குப் பக்கத்திலேயே நாலு செய்தி காத்திருக்கிறது.

என் மகள் பாட்டிக்கு ஆசையாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். பாட்டுச் செயலியில் அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டும் கொடுத்தாள். நடுவில் விளம்பரம் வரும். அதை மூடும் குறி மூலையில் பொடிசாக இருக்கும். அம்மா கண்ணாடி முழுக்கத் தடவுவாள், எங்கோ பட்டு வேறு எதுவோ திறக்கும். ஒரு நாள் நடுராத்திரி சிவகாசியில் இருக்கும் பெரியம்மாவுக்கு அழைப்பு போய்விட்டது. என்னவோ ஏதோ என்று பதறிப்போய் அந்த வீடே விடிய விடிய முழித்திருந்தது. மறுநாள் அம்மா போனை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டாள். இரண்டு வாரம் பாட்டே கேட்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

போனிலேயே திரையைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். இருக்கிறது, அருமையான வசதி. பார்வையற்ற நண்பர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகப் போனை இயக்குவதைப் பார்த்து அசந்திருக்கிறேன். அவர் இளம் வயதிலேயே பழகியவர். எழுபதுக்கு மேல் பார்வை போனவர்கள் ஒரு விரலால் தேடி, இரண்டு முறை தட்டித் திறந்து, மூன்று விரலால் நகர்த்தப் பழகுவது வேறு சங்கதி. வாயால் கேட்டால் போடும் என்பீர்கள். அம்மாவுக்குப் பாட்டின் முதல் வரி ஞாபகம் இருக்காது, இரண்டாவது சரணத்தில் ஒரு வரிதான் இருக்கும். அதைப் பாடிக் காட்டினால் போன் எதையோ கொண்டுவரும். நெட் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

2017-ல் சரிகம நிறுவனம் 5,000 பாட்டோடு கார்வான் என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது பழசு என்று சொல்லி ஒதுக்கியவர்கள் உண்டு. வயதானவர்கள் வீட்டில் அது ஏன் இடம் பிடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். திருகக் குமிழ் இருந்தது, அமுக்க விசை இருந்தது. ஆனால் அதில் ஏற்றி வருவது அந்த நிறுவனத்திடம் உரிமை உள்ள பாட்டுகள்தான், அம்மாவின் பட்டியலில் பாதி அதில் இல்லை. பார்வையற்றவர்களுக்கென்றே கனடாவின் ஹியூமன்வேர் நிறுவனம் செய்யும் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் இருக்கிறது. எண் விசைகளோடு, தடவித் தெரிந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். புத்தகம் படிக்கும், எம்பி3-யும் பாடும். நம்மூர்க் குடும்பத்துக்கு அந்த விலை கட்டாது.

அதனால்தான் இந்தச் சின்னப் பெட்டி. நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு விசைக்கு ஒரு வேலை என்று வையுங்கள். சத்தத்துக்குத் திருகும் குமிழ் வையுங்கள், அது எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரியட்டும். ஓட்டும் விசையின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கட்டும், போனின் பழைய எண் விசைகளில் ஐந்தின் மேல் இருந்ததே, அது போல. சார்ஜ் தீருவதைச் சிவப்பு விளக்கால் சொல்லாதீர்கள், சத்தத்தால் சொல்லுங்கள். இதற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. விசையை மிச்சம் பிடித்தால் பெட்டிக்குச் சில ரூபாய் மிச்சமாகலாம். அந்தச் சில ரூபாய்க்காக ஒரு கிழவியின் பாட்டைப் பாதியில் பிடுங்குவது நியாயமே இல்லை. போன் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திரை அணைந்திருக்கும்போதும் பாட்டை மாற்றப் பக்கவாட்டில் தனியாக ஒரு விசை வையுங்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும்கூட அது உதவும்.

சரி, கேட்டு உடனே யாரும் செய்துவிடப் போவதில்லை. அம்மாவிடம் பழைய பித்தான் டப்பா இன்னும் இருக்கிறது. அதில் கைவிட்டு, தடவித் தடவி, நான்கு துளையுள்ள ஒரு சட்டைப் பித்தானை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஓட்டும் விசையின் மேல் பசை வைத்து ஒட்டினேன். இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டும் தொல்லை தீரவில்லை. அதற்குப் பெட்டியைச் சத்தமாகவே வைத்துக் காதுக்குப் பக்கத்திலோ தள்ளியோ வைத்துக்கொள்கிறாள்.

கிளம்பும்போது முந்தானையிலிருந்து ஒரு ஜாக்கெட் கொக்கியை எடுத்துக் காட்டினாள். முந்தின பாட்டுக்குப் போகும் விசையில் அதை ஒட்ட வேண்டுமாம். பசை காய்ந்துபோயிருந்தது. அடுத்த மாதம் போகும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.