டேட்டா டிஸ்க் ஏறாவிட்டால் கொம்பியூட்டரே ஏன் ஐயா படுக்க வேண்டும்?

படமும் பாட்டும் பழைய கணக்குக் கோப்புகளும் கிடக்கிற இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது லினக்ஸ் அதை ஒரு ஃபோல்டரில் ஏற்றித் திறக்கவில்லை. சரி, ஆகாவிட்டால் போகட்டும். அதற்காக லினக்ஸ் முழுவதும் ஏன் கறுப்புத் திரையில் போய் நிற்க வேண்டும்?

காரணம் இதுதான். எந்த டிஸ்க்கை எங்கே ஏற்றுவது என்று குறித்துவைக்கிற /ஈடிசி/எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் ஒரு வரி எழுதி, விருப்பங்களுக்குரிய நாலாவது இடத்தில் வெறும் 'டிஃபோல்ட்ஸ்' என்று போட்டால், அந்த டிஸ்க் இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று, லினக்ஸைத் தொடக்கிவைக்கிற சிஸ்டம்டி எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் செருகப்படாமல் இருந்தால் 90 செக்கன் காத்திருக்கும். வேறு கோளாறு என்றால் அந்தப் பொறுமையும் கிடையாது. நேரே எமர்ஜென்சி மோட், அந்தக் கறுப்புத் திரை. அங்கே ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்ட் கேட்கும். ரூட் கணக்கைத் தொடக்கத்திலேயே பூட்டி வைத்திருக்கும் லினக்ஸ் வகைகள் சிலவற்றில் அதற்கும் வழியில்லை! என்டரை அமத்தினால் திரும்பவும் அதே இடம். திறக்க முடியாத கதவுக்கு ஒரு மணியை வேறு பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வர வழி உண்டு. மெஷின் தொடங்கும்போது வருகிற கிரப் மெனுவில் 'ஈ' விசையை அமத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ' (வாசிக்க மட்டும்) என்பதை 'ஆர்டபிள்யூ' (எழுதவும்) ஆக மாற்றி, வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ். வந்த உடனே எஃப்எஸ்டேப்பில் அந்த வரியைச் செல்லாததாக்க அதற்கு முன்னால் ஒரு # போட்டு, 'சிங்க்' அடித்துவிட்டு மெஷினைத் திரும்பப் போடலாம். இதெல்லாம் வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு பாட்டையும் தவிர்க்க விருப்பங்களில் ஒரே ஒரு சொல் போதும்: 'நோஃபெயில்', ஏறாவிட்டாலும் நிற்காதே என்று அர்த்தம். லினக்ஸே குடியிருக்கிற ரூட் டிஸ்க், தொடக்கக் கோப்புகள் உள்ள பூட் தவிர்ந்த எந்த டிஸ்க்குக்கும் இதைப் போடாமல் எழுதுவது அநியாயம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க் ஏறவில்லை, மெஷின் மட்டும் ஏறிவிட்டது. இரவில் ஓடுகிற பேக்கப் அந்த வெற்று ஃபோல்டருக்குள்ளேயே எழுதி எழுதி ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். அதனால் டிஸ்க் ஏறாத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டருக்கு மாற்ற முடியாதபடி பூட்டுகிற 'சாட்டர் +ஐ' (chattr +i) கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு யாராலும் அதற்குள் எழுத முடியாது, மேலே மவுன்ட் செய்வதற்கோ எந்தத் தடையுமில்லை.

அடுத்தது, மவுன்ட் ஆகாதபோது வருகிற அந்தக் கண்டறியாத பிழைச் செய்தி. பிழையான ஃபைல் சிஸ்டம் வகை, பிழையான விருப்பம், பழுதான சூப்பர்பிளாக் (டிஸ்க்கின் அமைப்பைப் பதிந்துவைக்கிற பகுதி), இல்லாத கோட்பேஜ், அல்லது வேறேதோ கோளாறு என்று ஐந்தையும் ஒரே வரியில் கொட்டிவிட்டுப் போகிறது. இதில் மனுசர் கண்ணில் படுவது 'பழுதான சூப்பர்பிளாக்' மட்டும்தான். கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் கடைக்குக் கொண்டுபோனால் "டிஸ்க் முடிஞ்சுது அண்ணே, புதுசு போடுவம்" என்பார்கள். உண்மையில் நடந்தது என்ன? லினக்ஸின் சொந்த வகையான எக்ஸ்ட்4 டிஸ்க்குக்கு, உரிமையாளரைக் குறிக்க 'யூஐடி=1000' எழுதியிருப்பார்கள். அந்த விருப்பம் எக்ஸ்ட்4 இல் கிடையாது. உரிமையாளர் விபரம் டிஸ்க்கிலேயே பதிவாகி இருக்கும், அங்கே உரிமையாளரை மாற்றுகிற 'சௌன்' (chown) கட்டளைதான் சரி. லினக்ஸின் மையமான கேர்னலுக்கு இது நன்றாகத் தெரியும், 'டிமெசேஜ்' (dmesg) அடித்தால் எந்த விருப்பம் பிடிக்கவில்லை என்று பெயரோடு சொல்லும். அந்த ஒரு வரியை முன்னாலேயே காட்டினால் என்ன குறைந்துவிடும்?

கரண்ட் கட் வேறு. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுவதும் இருண்ட இடம் இது. யூபிஎஸ் இல்லாமல், விண்டோஸ் வகையான என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சரியாக மூடப்படவில்லை என்ற 'அழுக்கு' அடையாளம் அதில் விழும். 2021 இல் கேர்னல் 5.15 உடன் வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், 'ஃபோர்ஸ்' இல்லாமல் அதைத் தொடாது. எல்லோரும் 'ஃபோர்ஸ்' போடச் சொல்வார்கள், போடாதீர்கள். விண்டோஸில் 'செக்டிஸ்க் /எஃப்' ஓடவிடுவதே முறை. 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி' அடையாளத்தை அழிக்கும், உள்ளே உள்ள காயத்தை ஆற்றாது. விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் மெஷினில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தாவிட்டால் கரண்ட் போகாமலேயே வில்லங்கம் வரும். நிர்வாகி உரிமையோடு 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுத்தால் தீர்ந்தது.

எந்த அனுமதியைக் கழிப்பது என்று சொல்கிற மாஸ்க் எண்களின் கணக்கை விட்டால் பாவம் பிடிக்கும். பென் டிரைவ்களில் காண்கிற எக்ஸ்ஃபேட் வகையில், அனுமதியை மாற்றுகிற 'சிமோட் 777' அடித்து அழுது பயனில்லை, அனுமதிகள் மவுன்ட் ஆகும்போதே தீர்மானமாகிவிடும். 'யூமாஸ்க்=022' போட்டால் உங்கள் கல்யாணப் படங்கள்கூட ஓடக்கூடிய நிரல்களாகத் தெரியும். 'யூமாஸ்க்=133' போட்டால் ஃபோல்டருக்குள்ளேயே போக முடியாது. 'எஃப்மாஸ்க்=0133,டிமாஸ்க்=0022' என்று பிரித்து எழுதுங்கள், கோப்பு 644 (நீங்கள் எழுதலாம், மற்றவர் வாசிக்கலாம், ஓடாது), ஃபோல்டர் 755 (எல்லோரும் உள்ளே போகலாம்) என்று வரும். கமாவுக்குப் பிறகு இடைவெளி விட்டால் வரியே குழம்பும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் \040 எழுத வேண்டும். சாதாரணப் பயனரும் ஏற்றலாம் என்று 'யூசர்' எழுதினால், நிரல் ஓடத் தடையான 'நோஎக்ஸெக்' பேசாமல் கூடவே வந்துவிடும், ஸ்கிரிப்ட் ஓடாது. வேண்டுமென்றால் 'யூசர்'க்குப் பின்னால் 'எக்ஸெக்' போடவேண்டும், முன்னால் போட்டால் செல்லாது.

மாற்றியவுடன் ரீஸ்டார்ட் செய்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். எஃப்எஸ்டேப்பைச் சரிபார்க்க 'ஃபைன்ட்மவுன்ட் --வெரிஃபை' (findmnt --verify) அடிக்கலாம், ஆனால் அது எல்லா விருப்பத்தையும் சோதிக்காது. எஃப்எஸ்டேப்பில் உள்ளதையெல்லாம் ஏற்றுகிற 'மவுன்ட் -ஏ' ஏற்கெனவே ஏறியிருக்கிற டிஸ்க்கைத் திரும்பியும் பார்க்காது. பிழை வரவில்லை என்று நம்பி ரீஸ்டார்ட் செய்தால் எமர்ஜென்சி மோடில்தான் கண் விழிப்பீர்கள். முதலில் 'யூமவுன்ட்' (umount) செய்து டிஸ்க்கை இறக்கி, 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுத்து, பிறகு 'மவுன்ட் -ஏ'.

பென் டிரைவைச் செருகியதும் தானாக ஏறுகிறதே, அதற்கு எஃப்எஸ்டேப்பில் வரி எதுவும் தேவையில்லை. அது, செருகியதை ஏற்றிவைக்கிற யூடிஸ்க்ஸ் எனும் சேவையின் இராச்சியம். 2.9.0 பதிப்பிலிருந்து /ஈடிசி/யூடிஸ்க்ஸ்2/ க்குள் 'மவுன்ட்_ஒப்ஷன்ஸ்.கொன்ஃப்' என்று விருப்பங்களுக்குத் தனிக் கோப்பு எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் 'டிஃபோல்ட்ஸ்' வரியில் மட்டும் எழுதினால் காணாது, அனுமதிப் பட்டியலான 'அலவ்' வரியிலும் அதே விருப்பம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த விருப்பத்துக்கு அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பும். அனுமதி கொடுக்க வேண்டியவரும் நீங்கள், கேட்பவரும் நீங்கள், மறுப்பது மட்டும் அது.